வெண்டிரையில் வேற்றுலகப் படையெடுப்பு



வேற்றுக் கிரகத்து உயிர்கள் பூமியின்மீது படையெடுத்து வருவதாகக் கூறும் திரைப்படங்களைச் சிறுவர் வேடிக்கை என்று ஒதுக்குவோர் பலர். விஞ்ஞானக் கற்பனைப் படங்களின் வரிசையிலும் இவற்றுக்குக் கிடைத்திருக்கும் ஆசனம் சற்றுத் தாழ்ந்ததே. சந்திரனை நாடிச் செல்லும் படத்தை அறிவுக்கு விருந்தென்று பாராட்டுகிறவர், பறக்கும் தட்டுகள் நகரங்களை எரித்துச் சாம்பலாக்கும் படத்தைக் கண்டால் முகஞ் சுளிப்பர். யானும் நெடுங்காலம் அக்கட்சியிலேயே இருந்தேன். கண்டி இராச்சியத்தின் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கிய பின்னரே இவ்வகைப் படங்களை வேறொரு கண்கொண்டு பார்க்க நேர்ந்தது. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

படையெடுப்புக் கதைகளுட் பெரும்பாலானவற்றுக்குத் தாய் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1898 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘உலகங்களின் போர்’ என்னும் நாவல். செவ்வாய்க் கிரக வாசிகள் இங்கிலாந்தின் சரே மாகாணத்தில் வந்திறங்குகின்றனர். மூன்று கால்களையுடைய உயர்ந்த இயந்திரங்களில் ஏறி, வெப்பக் கதிரையும் நச்சுப் புகையையும் வீசி, இலண்டன் மாநகரைச் சுடுகாடாக்குகின்றனர். பீரங்கிகள் பயனற்றுப் போகின்றன. ஈற்றில் அவ்வெற்றி வீரர்களை மாய்ப்பவை கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமிகள். இந்த மண்ணின் நோய்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை, படுத்தார்கள், மாண்டார்கள்.

இக்கதையின் கரு ஆசிரியருடையதன்று. அவருடைய தமையன் பிராங் என்பாருடையது. சரேயின் அமைதியான வயல்வெளியில் இருவரும் உலாவிக்கொண்டிருந்தபோது, தஸ்மேனியத் தீவின் பூர்வ குடிகளை ஐரோப்பியர் பூண்டோடு அழித்த கொடுமையைப் பற்றிய பேச்சு எழுந்தது. அவ்வாறே வானிலிருந்து எவரேனும் திடீரென இங்கே வந்திறங்கினால் எப்படியிருக்கும் என்று தமையனார் கேட்டார். அக்கேள்வியே நூலாயிற்று, நூலும் தமையனாருக்கே சமர்ப்பணமாயிற்று. முதலாம் அத்தியாயத்திலேயே வெல்ஸ் தம் நாட்டாரை நோக்கி, தஸ்மேனியருக்கு நாம் இழைத்ததை எண்ணினால் செவ்வாய் வாசிகளைக் குறைகூற நமக்கு வாயுண்டோ என்னும் பொருள்பட வினவுகிறார். படையெடுக்கும் சாதியில் பிறந்த ஒருவர், படையெடுக்கப்பட்டவன் எப்படி உணர்ந்திருப்பான் என்று கற்பனை செய்து பார்த்த நூல் அது. அவருக்குக் கற்பனை. கண்டி மக்களுக்கோ அது பாட்டன் முப்பாட்டன் கண்ட காட்சி.

1803 ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். கரையோர மாகாணங்களை ஒல்லாந்தரிடமிருந்து பறித்துக்கொண்ட ஆங்கிலேயர், மலைநாட்டையும் கைக்கொள்ள அவாவினர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1800 இல், தேசாதிபதி பிரடெரிக் நோர்த் தம் தளபதி மக்டவலைத் தூதுவராகக் கண்டிக்கு அனுப்பியிருந்தார். தூதுவருக்குத் துணையாக வந்தது பெரும் படை. அந்தத் தூது பலிக்கவில்லை. 1803 இன் தொடக்கத்தில் அதே மக்டவல், இம்முறை தளபதியாகவே, கொழும்பிலிருந்து மலையேறினார். திருகோணமலையிலிருந்து மற்றொரு படை வந்தது. அவர்கள் தலைநகரை அடைந்தபோது அங்கே எதிர்த்து நிற்க ஒருவருமில்லை. அரண்மனை தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. வீதிகள் வெறுமையாகக் கிடந்தன. மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காட்டுக்குள் மறைந்துவிட்டான். ஆங்கிலேயர் தம் கையிலிருந்த முத்துசாமி என்னும் அரச குடும்பத்தானைச் சிம்மாசனத்தில் ஏற்றி, ஒரு காவற்படையை விட்டுச் சென்றனர்.

அதன் பின்னர் போர் செய்தது மலைநாட்டுக் காய்ச்சல். மழை தொடங்கியது, உணவு வழிகள் அடைபட்டன, சிப்பாய்கள் ஒருவர்பின் ஒருவராய்ச் சாய்ந்தனர். ஜூன் மாதம் 24 ஆந் திகதி கண்டிப் படை தாக்கியபோது துப்பாக்கியைத் தூக்கி நிற்கக்கூடியவர் மிகச் சிலரே. அவர்களின் தலைவரான மேஜர் டேவி சரணடைந்து, எஞ்சியோருடன் திருகோணமலைப் பாதையிற் புறப்பட்டார். வட்டபுளுவையில் மகாவலி கங்கை வெள்ளம் பெருகி ஓடிற்று, கடக்க ஓடமில்லை. முத்துசாமி மன்னனிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். சிப்பாய்களும் அக்கரையோரத்திலேயே வெட்டுண்டனர். டேவி உயிரோடு சிறைவைக்கப்பட்டு, பல ஆண்டுகள் கண்டி நாட்டிலேயே கிடந்து மாண்டார்.

வெல்ஸ் இச்சம்பவத்தை அறிந்து எழுதினார் என்று யான் சொல்ல வரவில்லை. அந்நியப் படைகளைக் காடும் காய்ச்சலும் விழுங்கிய கதைகள் வெப்ப நாடுகளெங்கும் உண்டு. எனினும் ‘உலகங்களின் போர்’ நாவலைக் கண்டியிலிருந்து வாசிப்பவர், அதன் முடிவை ஆசிரியரின் தந்திரம் என்று எண்ணமாட்டார். ஏற்கெனவே நடந்த ஒன்றை நினைவுகூர்வார். இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1815 க்குப் பின் மலைகளிற் காட்டை அழித்துக் கோப்பி பயிரிட்டுக் கொழித்த துரைமாரை வீழ்த்தியதும் ஒரு நுண்ணுயிரே. 1869 இல் இலைகளில் தோன்றிய செம்மஞ்சட் பூஞ்சணம் சில ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது.

நாவல் நூலிலிருந்து வெண்டிரைக்கு வருமுன் வானொலிக்கு வந்தது. வானொலி நேயர்களிடம் பேசுகையில் அதனை விட்டுவிட முடியாது. 1938 அக்டோபர் 30 ஆந் திகதி இரவு, ஓர்சன் வெல்ஸ் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர் இக்கதையை அமெரிக்க வானொலியில் செய்தி அறிக்கை வடிவில் நாடகமாக்கினார். இசை நிகழ்ச்சி நடுவில் நிற்கிறது. விண்ணிலிருந்து ஏதோ விழுந்ததாக அறிவிப்பாளர் கூறுகிறார். நாடெங்கும் மக்கள் கிலிகொண்டு ஓடினர் என்று மறுநாட் பத்திரிகைகள் எழுதின. அவை பெரிதும் மிகைப்படுத்தியவை என்பதே இன்று ஆராய்ச்சியாளர் துணிபு. ஆனால் 1949 பிப்ரவரியில் தென்னமெரிக்காவின் கீற்றோ நகரில் நடந்தது மிகையன்று. அங்கே ஸ்பானிய மொழியில் அதே நாடகம் ஒலிபரப்பாயிற்று. நடந்தது நாடகமே என்று அறிந்ததும் மக்களின் அச்சம் கோபமாகி, வானொலி நிலையம் இருந்த கட்டிடத்தையே தீக்கிரையாக்கினர், உயிர்களும் பலியாயின. ஒரு குரல் சொல்வதை நம்பித்தான் வானொலி நடக்கிறது. அந்நம்பிக்கையுடன் விளையாடியதற்குக் கொடுத்த விலை அது.

திரைப்படம் தோன்றிய காலத்தில் இந்த விவகாரம் தலைகீழாக இருந்தது. பிரான்சு தேசத்து மெலியேஸ் 1902 இல் எடுத்த ‘சந்திர யாத்திரை’யில் பூமியிலுள்ளோர் பீரங்கிக் குண்டில் ஏறிச் சந்திரனுக்குப் போகின்றனர். அங்குள்ள மக்களைக் குடையால் அடித்துப் புகையாக்குகின்றனர். ஒருவனைக் கைதியாகப் பிடித்து வந்து ஊர்வலம் விடுகின்றனர். பார்ப்போர் சிரித்தனர். படையெடுத்தவர் நாமாக இருக்கும்போது அது யாத்திரை எனப்படும். பிறராக இருக்கும்போது படையெடுப்பு எனப்படும். விஞ்ஞானக் கற்பனைப் படங்கள் போவோர் கதை, வருவோர் கதை என இரு கிளையாகப் பிரிந்தது இங்கேதான். போவோர் கதையின் உச்சியில் 1968 இல் வெளிவந்த ‘2001’ என்னும் படம் நிற்கிறது. அதனைக் கியூப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையையே தம் வீடாகக் கொண்டவர். அப்படத்தின் பெருமையை யான் மறுக்கவில்லை. ஆயினும் மனித சாதி தன்னைப் பற்றி உண்மை பேசியது, தாழ்ந்த ஆசனத்திலிருந்த வருவோர் கதைகளிலேதான் அதிகம் என்பது என் கருத்து.

1947 ஜூன் 24 ஆந் திகதி கெனத் ஆர்னல்ட் என்னும் அமெரிக்க விமானி வானத்தில் விரைந்து சென்ற ஒளிப்பொருள்களைக் கண்டதாகக் கூறியதிலிருந்து ‘பறக்கும் தட்டு’ என்னும் சொல் உலகெங்கும் பரவியது. அணுகுண்டின் அச்சமும் சோவியத் நாட்டுடன் எழுந்த பனிப்போரும் அதனுடன் சேர்ந்தன. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கப் படநிலையங்கள் வேற்றுலகத்தவரை ஆண்டுதோறும் இறக்குமதி செய்தன. அவற்றுட் பல மறக்கத் தக்கவை. மூன்று மட்டும் மறக்கத் தகாதவை.

1951 இல் இராபர்ட் வைஸ் எடுத்த ‘பூமி நின்ற நாள்’ என்னும் படத்தில், வாஷிங்டன் நகரில் இறங்கும் தட்டிலிருந்து கிளாட்டு என்னும் தூதுவர் வருகிறார். சாந்தமானவர், நன்றாகப் பேசுகிறார். ஆனால் அவருக்குப் பின்னே ஓர் இரும்புப் பூதம் நிற்கிறது. உங்கள் சண்டையை விண்வெளிக்குக் கொண்டு வந்தால் பூமியே இல்லாமற் போகும் என்று எச்சரித்துவிட்டுப் போகிறார். விமரிசகர்கள் இதனைச் சமாதானப் படம் என்பர். 1800 இல் மக்டவலின் தூதைக் கண்ட கண்டி அதிகாரி ஒருவர் இப்படத்தைப் பார்த்திருந்தால், தூதுவரின் இனிய சொல்லைவிடப் பின்னால் நின்ற பூதத்தையே அதிகம் கவனித்திருப்பார்.

இரண்டாவது, ஜார்ஜ் பால் தயாரித்து 1953 இல் வெளியிட்ட ‘உலகங்களின் போர்’. விசேட காட்சியமைப்புக்காக ஒஸ்கார் பரிசு பெற்ற படம். மூன்று கால் இயந்திரங்களுக்குப் பதிலாகச் செம்பு நிறத் திருக்கை மீன்கள் போன்ற கலங்கள் மிதந்து வருகின்றன. அணுகுண்டும் அவற்றை அசைக்கவில்லை. கிருமிகளே முடிவு கட்டுகின்றன. களம் கலிபோர்னியாவுக்கு மாறியதை மன்னிக்கலாம். தஸ்மேனியா காணாமற் போனதை மன்னிப்பது கடினம். செவ்வாய் குளிர்ந்து போவதால் வேறு கிரகம் தேடி வருகின்றனர் என்ற விளக்கத்தோடு படம் தொடங்குகிறது. இதனை நாமும் பிறருக்குச் செய்தோமே என்ற வெல்ஸின் கேள்விக்கு அங்கே இடமில்லை. பல்லைப் பிடுங்கிய பாம்பு அழகாக ஆடுகிறது, அவ்வளவுதான். பின்வந்த நூற்றுக்கணக்கான படங்கள் வெல்ஸின் நூலைவிட இப்படத்தையே பின்பற்றின. 1996 இல் வெளிவந்த ‘சுதந்திர தினம்’ அவற்றின் சிகரம்; அதில் வெள்ளை மாளிகை வெடித்துச் சிதறுவதைக் கண்டு உலகமே கைதட்டியது.

மூன்றாவது, டொன் சீகல் 1956 இல் எடுத்த ‘உடல் பறிப்போரின் படையெடுப்பு’. யான் முதலிடம் கொடுப்பது இதற்கே. இதிலே கப்பலுமில்லை, கதிருமில்லை. சிறு நகரமொன்றில், வானிலிருந்து விழுந்த விதைகள் பெருங் காய்களாகப் பழுக்கின்றன. உறங்கும் மனிதனின் உருவில் அக்காயிலிருந்து ஒருவன் எழுகிறான். முகம் அதே முகம். குரல் அதே குரல். உள்ளே இருப்பவன் வேறு. பொதுவுடைமையின் மீதுள்ள அச்சத்தைக் காட்டும் படம் என்பர் சிலர். அமெரிக்காவில் அன்று நடந்த தேசத்துரோக வேட்டையைக் கண்டிக்கும் படம் என்பர் வேறு சிலர். கண்டி வாசகனுக்கு 1815 நினைவுக்கு வரும்.

1803 இல் பீரங்கி கொண்டு பிடிக்க முடியாத கண்டியை ஆங்கிலேயர் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ஏறக்குறையப் போரின்றியே பிடித்தனர். சிங்கள மொழியைத் துறைபோகக் கற்ற ஜோன் டொயிலி என்பவர் கொழும்பிலிருந்துகொண்டு கண்டிப் பிரதானிகளுடன் ஓலைத் தொடர்பு வைத்திருந்தார். மன்னனின் கொடுமையும் பிரதானிகளின் மனத்தாங்கலும் அவருக்கு வழி திறந்தன. முதன்மை அதிகாரியாயிருந்த எஹலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். 1815 பிப்ரவரி 18 ஆந் திகதி மெதமகாநுவரையில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2 ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாயக்கர் வம்சத்துக் கடைசி மன்னன் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையிலே 1832 இல் உயிர் நீத்தான். டொயிலி கண்டியிலேயே தங்கி, கண்டி மண்ணிலேயே புதையுண்டார். மூன்றாண்டுகளுக்குள், 1817 இல், தம்மவர் முகத்துக்குப் பின்னாலிருந்தது யார் என்பதைக் கண்டுகொண்ட மலைநாடு கிளர்ந்தெழுந்தது. வீடுகளும் வயல்களும் எரிக்கப்பட்டு அடங்கியது.

இனி நம்மவர் எடுத்த படத்துக்கு வருவோம். கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17 ஆந் திகதி பிறந்து, தந்தையை இழந்த பின் தாயாருடன் இந்தியா சென்று, கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்து, நாடக மேடையேறி, திரையுலக நாயகராகி, 1977 முதல் 1987 இல் மறையும்வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராய் விளங்கியவர் எம். ஜி. இராமச்சந்திரன். அவர் கதாநாயகராய் நடித்து 1963 ஏப்ரலில் வெளிவந்தது ‘கலை அரசி’. ஏ. காசிலிங்கம் இயக்கிய படம், கே. வி. மகாதேவன் இசை. வேற்றுலகத்தவர் பூமிக்கு வருவதாகக் காட்டிய இந்தியப் படங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று. ககாரின் விண்ணிற் பறந்து இரண்டே ஆண்டுகள்; 1961 திசெம்பரில் அவர் இலங்கைக்கும் வந்து சென்றிருந்தார். விண்வெளி என்பது வீதியிற் பேசப்படும் பொருளாயிருந்த காலம்.

கதை விநோதமானது. விண்ணிலுள்ள ஓர் உலகம் விஞ்ஞானத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னேறியது. ஆயினும் அங்கே கலையில்லை. ஆடவும் பாடவும் கற்பிக்க ஒருவரில்லை. ஆகவே எம். என். நம்பியார் ஏற்ற தின்னன் என்னும் பாத்திரம் பூமிக்கு வந்து, பானுமதி நடித்த வாணி என்னும் இசைவல்ல நங்கையைக் கப்பலில் ஏற்றிச் செல்கிறான். அவளைக் காதலிக்கும் மோகன் அவ்வுலகுக்கே சென்று மீட்டு வருகிறான். பானுமதிக்கு இரட்டை வேடம். அவர் தம் பாடல்களைத் தாமே பாடும் திறனுடையவர். ஒரு கிரகமே அவரைக் கடத்திக்கொண்டு போக விரும்பியதில் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றும். இந்தப் படத்தின் விண்கப்பலை இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். அட்டையும் வர்ணமும் தெரியத்தான் செய்கின்றன. கதையின் கரு சிரிப்புக்குரியதன்று. ஹொலிவுட் படத்து வேற்றுலகத்தவர் நம் நிலத்தையும் நீரையும் உடலையும் விரும்பினர். தமிழ்ப் படத்து வேற்றுலகத்தவர் நம் இசையை விரும்பினர். இயந்திரத்தில் நம்மை வென்றவன் கலையில் நம்மிடம் கையேந்த வேண்டியிருக்கிறது என்ற எண்ணம், நூற்றைம்பது ஆண்டுகள் இயந்திரம் உடையவனால் ஆளப்பட்ட ஒரு மக்களின் ஆறுதல். அதில் ஓரளவு தற்பெருமையும் உண்டு. இல்லையென்று சொல்வது சரியன்று.

அந்தத் தற்பெருமைக்கு அடியில் ஒரு வேதனையும் கிடக்கிறது. தங்களுக்கு வேண்டியதைச் செய்விப்பதற்காக மனிதரைக் கப்பலேற்றிக்கொண்டு போவது நாவலப்பிட்டியைச் சூழ்ந்த மலைகளில் கட்டுக்கதையன்று. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கே லயன்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஆங்கிலத்தில் ‘ஏலியன்’ என்று வழங்கும் சொல்லுக்கு வேற்றுலக உயிர் என்பது பிந்திய பொருள். சட்ட நூல்களில் அதற்குப் பிரசாவுரிமை அற்ற அந்நியன் என்பதே பொருள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை அந்தப் பொருளில் அந்நியராக்கியது. ‘கலை அரசி’ வெளிவந்து ஓராண்டுக்குப் பின், 1964 அக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே பிரசாவுரிமை வழங்கவும் முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியை ஒத்திவைத்தது. இம்மண்ணிலேயே பிறந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து மீண்டும் கப்பலேறினர். நாடற்றோர் என்ற நிலை முற்றாக நீங்கச் சட்டம் வந்தது 2003 இல்.

இதனை மனத்திற் கொண்டுதான் 2009 இல் நீல் புளொம்காம்ப் எடுத்த ‘ஒன்பதாம் வட்டாரம்’ என்னும் படத்தைப் பார்த்தேன். ஜொகன்னஸ்பர்க் நகரின்மேல் ஒரு விண்கப்பல் வந்து அசையாது நிற்கிறது. உள்ளே இருப்பவை பசியால் வாடிய உயிர்கள். அவற்றைக் கீழே இறக்கித் தகரக் குடிசைகளில் அடைக்கின்றனர். பின்னர் அங்கிருந்தும் பெயர்க்க முனைகின்றனர். கேப் டவுன் நகரில் நிறவெறி அரசு மக்களைப் பெயர்த்து அகற்றிய ஆறாம் வட்டாரத்தை நினைவூட்டும் பெயர் அது. படையெடுப்புப் படம் என்று சொல்லிப் பார்க்கப் போனால், படையெடுத்தவர் எவரென்றே தெரியாமற் போகிறது. வெல்ஸ் கேட்ட கேள்வி நூற்றுப் பதினொரு ஆண்டுகளின் பின் வெண்டிரையை அடைந்தது என்று எனக்குப் பட்டது. தமிழிலும் 2024 ஜனவரியில் வெளிவந்த இரவிக்குமாரின் ‘அயலான்’ இதே பாதையிற் சிறிது தூரம் நடக்கிறது. அதில் வந்திறங்கும் அயலான் நல்லவன். பூமியைத் துளைத்து நாசமாக்கப் பார்ப்பவன் மனிதன்.

இத்தகைய படமொன்று நாற்பதாண்டுகள் முந்தியே வந்திருக்கக்கூடும். அதுவும் இலங்கையின் தொடர்பால். சத்தியஜித் ரே தம் மனத்திலிருந்த ஒரு கதையை ஆர்தர் கிளார்க்கிடம் கூறினார். கிளார்க் அதனைத் தம் நண்பர் மைக் வில்சனிடம் சொன்னார். முதலாவது வர்ணச் சிங்களப் படமான ‘ரன் முத்து துவ’வை 1962 இல் எடுத்தவர் அவர். 1967 இல் வில்சன் கல்கத்தாவுக்குப் பறந்தார். ரே திரைக்கதையை எழுதி முடித்தார். வங்காளக் கிராமமொன்றின் தாமரைக் குளத்தில் விண்கப்பல் விழுகிறது. நீருக்கு மேல் தெரியும் அதன் உச்சியை, மூழ்கிக் கிடந்த கோவிலின் கோபுரம் என்று கருதி மக்கள் வழிபடத் தொடங்குகின்றனர். உள்ளிருந்து வருவது விளையாட்டுக் குணமுடைய சிற்றுருவம். அதற்கு ஓர் ஏழைச் சிறுவன் தோழனாகிறான். கொலம்பியா நிறுவனம் முன்வந்தது. பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாயிருந்தது. பதிப்புரிமை பற்றியும் பணம் பற்றியும் பிணக்குகள் எழுந்து, படம் எடுக்கப்படாமலே போயிற்று. 1982 இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ. டி.’ வெளிவந்தபோது, தம் எழுத்துப் பிரதி அமெரிக்காவிற் சுற்றியிராவிட்டால் இப்படம் பிறந்திராது என்று ரே வருந்தினார். ஸ்பீல்பெர்க் அதனை மறுத்தார். வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று.

அந்த ஸ்பீல்பெர்க் அடுத்த ஆண்டே கண்டிக்கு வந்தார். இந்தியானா ஜோன்ஸின் இரண்டாவது படத்துக்கு இந்திய அரசு அனுமதி தர மறுத்தமையால், 1983 ஏப்ரலில் படப்பிடிப்பு கண்டியில் ஆரம்பமாயிற்று. ஹந்தானை மலைச்சாரலில் ஓர் இந்தியக் கிராமம் எழுந்தது. அக்கிராமத்தார் படத்தில் பேசுவதோ சிங்களம். கிராமத்து முதியவராக இலங்கை நடிகர் டி. ஆர். நாணயக்கார தோன்றினார். அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அண்மையில் ஒரு தொங்குபாலம் கட்டி, அதனையும் அறுத்தெறிந்து படமாக்கினர். அந்த அணை மகாவலியின் குறுக்கே நிற்பது. கதையின் ஈற்றில் அப்பாலத்தருகே மக்களைக் காக்க ஓடி வருகிறவர்கள் பிரித்தானியத் தளபதியின்கீழ் உள்ள சிப்பாய்கள். வட்டபுளுவை ஆற்றங்கரையில் டேவியின் சிப்பாய்கள் மாண்டு சரியாக நூற்றெண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவரே 2005 இல் ‘உலகங்களின் போர்’ நாவலையும் மீண்டும் படமாக்கினார். மூன்று கால் இயந்திரங்கள் திரும்பி வந்தன, கிருமிகளும் திரும்பி வந்தன, தஸ்மேனியா வரவில்லை. ஆனால் ஓரிடத்தில், நிலவறையில் ஒளிந்திருக்கும் பாத்திரமொன்று, அந்நிய நாட்டை ஆக்கிரமித்து ஆள்வது ஒருபோதும் வெற்றி பெற்றதில்லை என்றும், சரித்திரம் அதனை ஆயிரம் முறை காட்டியிருக்கிறது என்றும் உறுதியோடு கூறுகிறது. கண்டியில் அது 133 ஆண்டுகள் நடந்தது.